மெரினா ஐஸ் ஹவுஸ்: கட்டடமும் அதில் வாழ்ந்தவர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை காமராஜர் சாலையில் மாநிலக் கல்லூரியைத் தாண்டித் தெற்கே வந்தால், வலது கைப்பக்கம் கடலைப் பார்த்தபடி வட்ட முகப்போடு ஒரு கட்டடம் நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து போகிறோம். "விவேகானந்தர் தங்கிய இடம்", "அந்தக் காலத்தில் ஐஸ் வைத்திருந்த இடம்" என்ற இரண்டு தகவல்களோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த வீட்டில் அதிக காலம் வாழ்ந்தவர்கள் வேறு சிலர். அவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கேள்வி பதில்.

ஐஸ் ஹவுஸ், கேசில் கெர்னன், விவேகானந்தர் இல்லம் – மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றுதான். ஐஸ் கிடங்காகக் கட்டப்பட்டதால் ஐஸ் ஹவுஸ். வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி வீடாக மாற்றியபோது வைத்த பெயர் கேசில் கெர்னன். விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி 1963இல் அரசு சூட்டிய பெயர் விவேகானந்தர் இல்லம். ஆட்டோக்காரரிடம் இன்றைக்கும் "ஐஸ் ஹவுஸ்" என்றால்தான் சட்டென்று புரியும். சுற்றுவட்டாரம் முழுவதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் கிளம்பும் டாக்டர் பெசன்ட் சாலைக்கும் முன்பு ஐஸ் ஹவுஸ் ரோடு என்றே பெயர்.

யார் கட்டியது? எப்போது?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடெரிக் டூடர். ஆண்டு 1842. டூடர் 1806லேயே கரீபியன் தீவான மார்ட்டினிக்குக்கு ஐஸ் ஏற்றி அனுப்பியவர். "வெயில் நாட்டுக்குக் கப்பலில் பனிக்கட்டியா?" என்று ஊரே சிரித்தது. நஷ்டப்பட்டார், கடன்பட்டார், கடனுக்காகச் சிறைக்கும் போனார். ஆனாலும் விடவில்லை. 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பலில் சுமார் 180 டன் ஐஸைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகு அதில் சுமார் 100 டன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அந்த வெற்றிதான் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் ஆகிய மூன்று ஊர்களிலும் ஐஸ் கிடங்குகள் எழக் காரணம். மற்ற இரண்டும் இன்று இல்லை. எஞ்சி நிற்பது நம்முடையது மட்டும்தான்.

நான்கு மாதம் கப்பலில் வந்த ஐஸ் எப்படிக் கரையாமல் இருந்தது?

கரைந்தது. மேலே சொன்ன கல்கத்தாக் கணக்கைப் பாருங்கள், கிட்டத்தட்ட பாதி வழியிலேயே போய்விட்டது. மீதி தங்கியதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவை எல்லாமே எளிமையானவை.

முதல் காரணம் ஐஸின் இயல்பு. 1 கிராம் ஐஸ் உருகி நீராக வேண்டுமானால் 80 கலோரி வெப்பம் தேவை. அதே வெப்பம் இருந்தால் 1 கிராம் குளிர்ந்த நீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். ஐஸ் லேசில் தோற்காது.

இரண்டாவது, அதை வெட்டிய முறை. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளங்களும் ஏரிகளும் குளிர்காலத்தில் உறைந்து பாறைபோல் ஆகிவிடும். முன்பெல்லாம் கோடாரியாலும் ரம்பத்தாலும் கோணல்மாணலாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். டூடரிடம் வேலை பார்த்த நதானியல் வையத் என்பவர் 1825 வாக்கில் குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பை ஒன்றை உருவாக்கினார். அது உறைந்த ஏரியின் மேல் இணைகோடுகளாகக் கீறிக்கொண்டே போகும், பிறகு குறுக்கே கீறும். ஒரே அளவான சதுரக் கட்டிகள் பெயர்ந்து வரும். சதுரக் கட்டிகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கலாம். இடைவெளி இல்லாவிட்டால் உள்ளே காற்று புகாது, காற்று புகாவிட்டால் உருகுவது வெளி அடுக்கு மட்டுமே. சரக்கு எவ்வளவு பெரிதோ, உருகும் விகிதம் அவ்வளவு குறைவு.

மூன்றாவது, மரத்தூள். மெய்ன் பகுதியின் மர அறுவை ஆலைகளில் அது மலைமலையாகக் குவிந்து கிடந்த கழிவு. அதைக் கப்பலின் அடித்தட்டிலும் பக்கங்களிலும் கட்டிகளைச் சுற்றிலும் திணித்தார்கள். கழிவுப் பொருள் ஒன்றைக்கொண்டு பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடந்தார்கள். சூயஸ் கால்வாய் திறந்ததே 1869இல்தான், அதற்கு முன் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வரவேண்டும்.

இது கட்டுப்படியாகிற வியாபாரமா?

ஆகியிருக்கிறது. பாஸ்டன் கப்பல்கள் இந்தியாவிலிருந்து அவுரி, தோல், சணல் முதலானவற்றை வாங்கிப் போகும். வரும்போது விற்பதற்கு அவர்களிடம் போதிய சரக்கு இல்லை. வெறும் கப்பல் கடலில் நிலைகொள்ளாது என்பதால் கல்லையும் மண்ணையும் எடைக்கு ஏற்றிக்கொண்டு வருவார்கள். அந்த எடைக்குப் பதிலாக ஐஸை ஏற்றினால் கப்பல்காரருக்கும் கொஞ்சம் கூலி, டூடருக்கும் மலிவான வாடகை. ஐஸோடு அமெரிக்க ஆப்பிளும் குளிர்ச்சியாகக் கல்கத்தா வந்து இறங்கியிருக்கிறது.

வாங்கியவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். இது ஊர்ச் சனங்களுக்கான பொருள் அல்ல. வெள்ளைக்கார அதிகாரிகள், பெரிய வியாபாரிகள், காய்ச்சலில் கிடந்தவர்களுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்த டாக்டர்கள் ஆகியோருக்கானது. திருவல்லிக்கேணி வீடுகளில் அப்போதும் மண்பானைத் தண்ணீர்தான்.

மெட்ராஸில் அப்போது துறைமுகமே இல்லையே, எப்படி இறக்கினார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஐஸ் ஹவுஸ் கதையில் நம் ஊர் ஆட்கள் வருவது இங்கேதான்.

மெட்ராஸ் கடற்கரைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலை உடைகிற இடத்துக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து கரைக்கு ஆளோ சரக்கோ வர வேண்டுமென்றால் மசூலாப் படகு ஒன்றே வழி. அது ஆணி அடிக்காத படகு. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அலையில் தூக்கி மணலில் அறையப்பட்டால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும், மோதலை வாங்கிக்கொள்ளும். தையல் வழியே கசியும் நீரை ஒருவர் இறைத்துக்கொண்டே இருப்பார். துடுப்புப் போடுகிறவர்கள் பாட்டுக் கட்டித் தாளத்தோடு வலிப்பார்கள். அலையின் கணக்கு தெரிந்து, எந்த அலையின் முதுகில் ஏறிக் கரைக்கு வர வேண்டும் என்று முடிவு செய்வது பின்னால் நிற்கும் தலைவரின் கை.

அமெரிக்க ஏரித் தண்ணீர் இந்தக் கரையைத் தொட்டது மீனவர்களின் கைகளால். வழவழப்பான, கை விறைக்கும் கட்டிகளைப் படகிலிருந்து எடுத்து, இடுப்பளவு நீரில் நடந்து, மணலில் ஏறி, கிடங்குக்குள் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் சரக்கு சொட்டிக்கொண்டிருக்கும். பனியையே பார்த்திராத ஊர்க்காரர்கள் செய்த வேலை இது. அவர்களில் ஒருவருடைய பெயரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

கட்டடம் ஏன் வட்டமாக இருக்கிறது?

அழகுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அழகுதான், ஆனால் வட்ட வடிவத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரே நீளமுள்ள சுவரைக்கொண்டு அதிகப் பரப்பை வளைக்கக்கூடிய வடிவம் வட்டம். வெளிச்சுவர் எவ்வளவு குறைவோ அவ்வளவு குறைவாகத்தான் வெயில் உள்ளே இறங்கும். ஐஸ் கிடங்குக்கு அது கைகண்ட பலன்.

ஐஸ் கிடங்கு கட்டுபவருக்கு வேறு இரண்டு கவலைகளும் உண்டு. சுவர் கனமாக இருக்க வேண்டும், திறப்புகள் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அடுத்தது, உருகிய நீர் தேங்கக் கூடாது. ஐஸுக்கு எதிரி வெயிலைவிடத் தேங்கிய நீர்தான், கட்டிகளின் காலடியில் நின்று அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் டூடர் கட்டிய கிடங்குகளில் அடியில் வடிகால் முக்கியமான அங்கம்.

உச்சியில் அன்னாசிப்பழம் போன்ற ஒரு கலசம் தெரியும், கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரை வீடுகளில் அன்னாசி விருந்தோம்பலின் அடையாளம். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயில் கோபுரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் பாஸ்டன்காரர்களின் அலங்காரம் ஒன்று நிற்கிறது!

இது இந்தோ-சாராசெனிக் பாணிதானே?

இல்லை. இந்திய இஸ்லாமியக் கட்டடக்கலையும் ஐரோப்பிய முறையும் கலந்த அந்தப் பாணியை மெரினாவில் பார்க்க வேண்டுமென்றால் சேப்பாக்கம் அரண்மனையும் செனட் ஹவுஸும் இருக்கின்றன. வெங்காயக் குவிமாடமோ பல்வளைவுகளோ ஐஸ் ஹவுஸில் இல்லை. கிடங்காகப் பிறந்து, வீடாக மாற்றப்பட்டு, விடுதியாக வளர்ந்த கட்டடத்தை ஒரு பாணிக்குள் அடைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கடலுக்கு இவ்வளவு தள்ளியா ஐஸ் கிடங்கைக் கட்டினார்கள்?

கட்டும்போது கடல் பக்கத்தில் இருந்தது. சென்னைக் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1870களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கியதும் அந்த மணல் தடைபட்டுத் தெற்குப் பக்கம் சேர ஆரம்பித்தது. நாம் இன்று சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு நடக்கும் அகன்ற மணல்வெளியில் பெரும்பகுதி அப்படிச் சேர்ந்ததுதான். வடக்கே ராயபுரம் பக்கத்தில் இதே காரணத்தால் கடல் கரையை அரித்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் இங்கே உலாவும் சாலை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தபோது ஐஸ் ஹவுஸுக்கு ஏற்கெனவே நாற்பது வயது.

ஐஸ் வியாபாரம் ஏன் நின்றது?

நீராவி இயந்திரத்தால் உள்ளூரிலேயே ஐஸ் செய்ய முடிந்தது. 1870களில் மெட்ராஸிலேயே ஐஸ் தயாரிப்பு தொடங்கிய பிறகு பாஸ்டன் ஐஸுக்கு வேலை இல்லை. டூடர் 1864லேயே இறந்துவிட்டார். கிடங்கு விற்பனைக்கு வந்தது.

பிலிகிரி ஐயங்கார் யார்? அவர் என்ன மாற்றம் செய்தார்?

மெட்ராஸ் உயர்நீதிமன்ற வழக்கறிஞர். அங்கே நீதிபதியாக இருந்த கெர்னன் மீது கொண்ட மரியாதையால் வீட்டுக்கு அவர் பெயரை வைத்தார். தன் சொந்த வீட்டுக்கு வேறொருவர் பெயரை வைக்கும் மனசு எல்லோருக்கும் வராது.

வெப்பமும் காற்றும் உள்ளே நுழையக் கூடாது என்று கட்டிய ஒன்றை அவர் குடியிருக்கும் வீடாக்க வேண்டியிருந்தது. சுற்றிவர வளைந்த தாழ்வாரங்களை எழுப்பினார், சுவரில் வரிசையாக ஜன்னல்கள் வைத்தார். இன்று நாம் ரசிக்கும் முகப்பு பெரும்பாலும் இந்த மாற்றத்தின் விளைவு. மெட்ராஸில் நண்பகல் வாக்கில் கிளம்பும் கடல்காற்றை வாங்க இதைவிட நல்ல முகம் கிடையாது. ஆனாலும் கிடங்கின் எலும்பு கிடங்குதானே. நடுப்பகுதி அறைகளுக்குக் காற்று எளிதில் வராது.

விவேகானந்தர் இங்கே எத்தனை நாள் இருந்தார்?

1897 பிப்ரவரி 6 முதல் 14 வரை, 9 நாள்.

மேல்நாட்டிலிருந்து திரும்பியவர் ஜனவரி 15 அன்று கொழும்பில் இறங்கினார். யாழ்ப்பாணம், பாம்பன், ராமேஸ்வரம், ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் என்று ஊர் ஊராக வரவேற்பு. எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது நகரம் முழுக்கத் தெருவில் நின்றது. 17 வரவேற்பு வளைவுகள். வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு இளைஞர்கள் தாங்களே இழுத்துக்கொண்டு கேசில் கெர்னன் வந்து சேர்ந்தார்கள்.

அந்த 9 நாளில் நடந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். விக்டோரியா ஹாலில் வரவேற்பு விழா. உள்ளே இடம் நிரம்பி வழிகிறது, வெளியே அதைவிடப் பெரிய கூட்டம் கத்திக்கொண்டிருக்கிறது. விவேகானந்தர் எழுந்து வெளியே வந்தார். நின்றிருந்த வண்டியின் மேல் ஏறிக்கொண்டு, தேரில் நின்று கீதை சொன்ன முறையில் இன்று பேசுகிறேன் என்று ஆரம்பித்தார். கூச்சலில் அதிகம் பேச முடியவில்லை. பிறகு அடுத்தடுத்த நாள்களில் அரங்குகளில் பேசியவற்றை, உடன் வந்த ஆங்கிலேயச் சீடர் குட்வின் சுருக்கெழுத்தில் எடுத்துவைத்தார். இன்று நாம் அந்த உரைகளைப் படிக்க முடிவது அவரால்தான். கடைசி உரை 14ஆம் தேதி ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் நடந்தது. மறுநாள் கல்கத்தா கப்பல்.

இந்தப் பயணத்தின் பின்னால் இருந்தவர் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாள். 1893இல் விவேகானந்தரைச் சிகாகோ அனுப்ப வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியவர். சொற்பச் சம்பளக்காரர். ஐஸ் ஹவுஸ் பற்றிப் பேசும்போது இவர் பெயரை விட்டுவிடாதீர்கள்.

மெட்ராஸில் அவர் முதலில் தங்கியதும் இங்கேதானா?

இல்லை. சிகாகோ செல்வதற்கு முன்பு, பெயர் தெரியாத துறவியாக வந்தபோது சாந்தோம் பக்கம் மன்மதநாத பட்டாச்சார்யா என்ற அதிகாரியின் வீட்டில் தங்கினார். இரண்டு வருகைகளையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அதன் பிறகு இங்கே மடம் இருந்ததாமே?

ஆமாம். இங்கேயே ஒரு மையம் வேண்டும் என்று சென்னை அன்பர்கள் கேட்டார்கள். உங்கள் ஊர் ஆசாரசீலர்களையும் மிஞ்சிய ஆசாரசீலர் ஒருவரை அனுப்புகிறேன் என்று விவேகானந்தர் சொன்னார். 1897 மார்ச்சில் வந்து சேர்ந்தவர் சுவாமி ராமகிருஷ்ணானந்தர். பூர்வாசிரமப் பெயர் சசி. கேசில் கெர்னனின் ஒரு பகுதியில் பூஜையறை அமைத்து, தென்னிந்தியாவின் முதல் ராமகிருஷ்ண மடத்தை நடத்தினார். நகரத்தின் மூலைமுடுக்கெல்லாம் போய் வகுப்பு எடுப்பார், திரும்பி வந்து தானே சமைத்து நைவேத்தியம் செய்வார். புழுக்கமான நாள்களில் குரு ராமகிருஷ்ணரின் படத்துக்கு முன் உட்கார்ந்து நெடுநேரம் விசிறிக்கொண்டிருப்பாராம்.

1902 ஜூலை 4 அன்று பேலூரில் விவேகானந்தர் மறைந்தபோது, "சசி, உடலைத் துப்பிவிட்டேன்" என்ற குரலை இவர் மெட்ராஸில் கேட்டார் என்பது மடத்தின் மரபில் வழங்கும் செய்தி.

பின் ஏன் மடம் மயிலாப்பூருக்குப் போனது?

பிலிகிரி ஐயங்கார் இறந்துபோனார். 1906இல் வீடு ஏலத்துக்கு வந்தது. ஏலம் நடந்துகொண்டிருந்தபோது ராமகிருஷ்ணானந்தர் அங்கேயே ஒரு பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். யார் வாங்கினால் என்ன, குருநாதருக்கு ஒரு சின்ன அறை கிடைத்தால் போதும் என்றாராம். கொஞ்ச காலம் அதே வளாகத்தின் புறவீட்டில் இருந்துவிட்டு, 1907இல் மயிலாப்பூரில் கட்டிய மடத்துக்குக் குடிபோனார்.

சகோதரி சுப்புலட்சுமிக்கும் ஐஸ் ஹவுஸுக்கும் என்ன தொடர்பு?

இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காக.

1886இல் பிறந்த சுப்புலட்சுமிக்கு 11 வயதில் கல்யாணம். சில காலத்திலேயே கணவன் இறந்துவிட்டான். அக்காலப் பிராமணக் குடும்பத்தில் அதற்கு அர்த்தம் என்ன என்பது இன்றைய தலைமுறைக்குத் தெரியாது. வயதுக்கு வந்ததும் தலையை மழித்து, நார்மடியோ வெள்ளையோ உடுத்தி, ஒருவேளைச் சாப்பாட்டோடு சமையற்கட்டின் ஓரத்தில் ஆயுள் முழுக்க இருக்க வேண்டும். விசேஷத்துக்கு எதிரே வரக் கூடாது. பன்னிரண்டு வயதுப் பெண் எதிரே வந்தால் "சகுனம் சரியில்லை" என்று திரும்பிப் போவார்கள்.

சுப்புலட்சுமியின் அப்பா சுப்பிரமணிய ஐயரும் அம்மா விசாலாட்சியும் அந்த வழியில் போகவில்லை. மகளுக்கு மொட்டை அடிக்கவில்லை, படிக்க வைத்தார்கள். உறவும் அக்ரஹாரமும் பேசிய பேச்சைத் தாங்கிக்கொண்டார்கள். 1911இல் சுப்புலட்சுமி மாநிலக் கல்லூரியில் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி அவர்.

பட்டத்தோடு நிற்காமல், தன்னைப் போன்ற நான்கு சிறுமிகளை எழும்பூரில் தன் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுத்தார். அவரது சித்தி வாலாம்பாளும் இளம் வயதில் கணவரை இழந்தவர். சமையல், வீட்டு நிர்வாகம், அழுகிற பிள்ளையை மடியில் போட்டுத் தேற்றுவது எல்லாம் அந்தச் சித்தியின் பொறுப்பு. பெண்கள் எண்ணிக்கை கூடக்கூட இடம் போதவில்லை. விதவைகளுக்கு வாடகை வீடு கொடுப்பதும் சுலபமாக நடக்கிற காரியமாக இல்லை. பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அரசுத் தரப்பில் பக்கபலமாக நின்றார். 1917இல் அரசு ஐஸ் ஹவுஸை வாங்கியது. அதுவே அந்தப் பெண்களின் விடுதியாயிற்று.

1940களின் தொடக்கம் வரை அது அப்படியே இருந்தது. டூடரின் ஐஸ் இருந்த காலத்தைவிடக் குறைவுதான். எதிரே வந்தால் அபசகுனம் என்று உள்ளறையில் பூட்டிவைக்கப்பட்ட பெண்கள், ஊரிலேயே அகலமான தெருவில், கடலைப் பார்க்கும் வளைந்த தாழ்வாரங்களில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். மாலையில் மணலில் இறங்கி ஓடியாடினார்கள். ஆசிரியைகளாக வெளியே வந்து சம்பாதித்தார்கள், திருநெல்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் வேலைக்குப் போய்ப் பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னார்கள்.

வயது கடந்துவிட்டதால் சாதாரணப் பள்ளியில் சேர முடியாதவர்களும் ஆசிரியப் பயிற்சி பெறவும், பயிற்சிக்கென்றே பள்ளி ஒன்று நடக்கவும் 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி பக்கத்திலேயே உருவானது. அதன் முதல் தலைமைப் பொறுப்பும் சுப்புலட்சுமியுடையதே. இன்றும் அந்த வளாகம் ஐஸ் ஹவுஸை ஒட்டியே இருக்கிறது.

பிராமண விதவைகளை மட்டும் சேர்த்தது சரியா?

அது ஒரு குறைதான், மழுப்ப வேண்டியதில்லை. எல்லோரையும் சேர்த்தால் ஆசாரமான பெற்றோர் தங்கள் பெண்ணை அனுப்பவே மாட்டார்கள் என்பது அன்றைய நிலைமை. தனிச் சமையல், தனி விடுதி என்று ஆசாரத்துக்கு இடம் கொடுத்துத்தான் அந்தச் சிறுமிகளை வீட்டுக்கு வெளியே கொண்டுவர முடிந்தது. ஆனால் அவர் அதோடு நின்றுவிடவில்லை. சாரதா மகளிர் சங்கத்தின் வழியாக எல்லாச் சமூகப் பெண்களுக்கும் சாரதா வித்யாலயாவைத் தொடங்கினார், பின்னாளில் அது ராமகிருஷ்ண மிஷன் நிர்வாகத்துக்குப் போயிற்று. கடற்கரைக் குப்பத்து மீனவக் குழந்தைகளுக்கும் பள்ளி நடத்தினார். குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துக்கு வழிவகுத்த ஜோஷி குழு முன் சாட்சியம் சொன்னார். 1930இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது.

1958இல் பத்மஸ்ரீ. 1969இல் மறைந்தார்.

இப்போது கட்டடம் யார் பொறுப்பில் இருக்கிறது?

விதவைகள் இல்லம் முடிந்த பின் ஆசிரியப் பயிற்சி மாணவியர் விடுதியாக இருந்தது. 1963இல் பெயர் மாற்றம். 1997இல், விவேகானந்தர் வந்து சென்ற நூற்றாண்டில், தமிழ்நாடு அரசு அதை ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. மடம் பழுதுபார்த்து, 1999இல் விவேகானந்தர் பற்றியும் இந்தியப் பண்பாடு பற்றியும் நிரந்தரக் கண்காட்சியைத் திறந்தது.

போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

விவேகானந்தர் தங்கிய அறை மேல்மாடியில் தியான அறையாக இருக்கிறது, செல்பேசியை அணைத்துவிட்டுப் போங்கள். தாழ்வாரத்தின் வளைவோடு மெதுவாக நடங்கள். சாலையின் மறுபக்கம் போய் நின்று முழு முகப்பையும் பாருங்கள், காலை வெயிலில் கிழக்கு முகம் நன்றாகத் தெரியும். குழந்தைகளோடு போகிறவர்கள் ஐஸ் கதையோடு முடித்துவிட வேண்டாம். பெண் பிள்ளைகளிடம் சுப்புலட்சுமியைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். அப்படியே தெற்கே சிறிது நடந்தால், 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரியும் வழியில் வரும். விடுமுறை நாளும் பார்வை நேரமும் மாறக்கூடியவை, கிளம்புவதற்கு முன் மடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.